முதல் நாள் கருப்புக் கட்டைகள் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ரங்கூன் தாம்வேயிலிருந்து எழுதுகிறேன். உங்கள் பத்திரிகையை நான் போனில்தான் படிக்கிறேன், கரண்டும் இன்டர்நெட்டும் சேர்ந்து வருகிற நேரமாகப் பார்த்து. அதில் பியானோ தேர்வில் தேறிய பிள்ளைகளின் படங்கள் அடிக்கடி வருகின்றன. கையில் சான்றிதழ், இரண்டு பக்கமும் அப்பா அம்மா. பார்க்க மனசுக்கு நிறைவாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு படத்திலும் நான் அந்தப் பிள்ளையின் முகத்தை உற்றுப் பார்க்கிறேன், ஏனென்றால் 20 வருடத்துக்கு மேலாக இந்த ஊர்த் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்து வருகிறவள் நான், அப்படிச் சான்றிதழோடு நின்று படம் எடுத்துக்கொண்ட ஒருத்தியை நான் இழந்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவளுக்கு அப்போது 13 வயது. ஐந்தாம் கிரேடு. தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: லண்டனிலிருந்து நடத்தும் ஏபிஆர்எஸ்எம் தேர்வில் எட்டு கிரேடு உண்டு. மொத்தம் 150 மதிப்பெண், 100 எடுத்தால் பாஸ், 130 எடுத்தால் டிஸ்டிங்ஷன். மூன்று பாட்டுக்குத் தலா 30, ஸ்கேலுக்கு, அதாவது சுரங்களை வரிசையாக ஏறி இறங்கி வாசிப்பதற்கு, 21, முன்பின் பார்க்காத தாளைப் பார்த்த மாத்திரத்தில் வாசிப்பதற்கு 21, காதால் கேட்டுச் சொல்வதற்கு 18. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு யோசித்தால் எந்த ஆசிரியைக்கும் ஒரு குறுக்குவழி கண்ணில் படும், எனக்கும் பட்டது. 150-ல் 90 அந்த மூன்று பாட்டில் இருக்கிறதே, ஒரு வருடம் முழுக்க அந்த மூன்றையே போட்டுத் தேய்த்தால் என்ன? தேய்த்தோம். 131 வாங்கினாள். அவர்கள் வீட்டில் கேக் வெட்டினார்கள், எனக்குப் புடவை எடுத்துக் கொடுத்தார்கள்.

அப்புறம் தீபாவளி வந்தது. அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். மோல்மேனிலிருந்து அவளுடைய அப்பாயி வந்திருந்தார், பேத்தி பாஸான கதையைக் கேட்டுப் பூரித்துப்போய், "கண்ணு, எனக்கு ஒரு பாட்டு வாசிச்சுக் காட்டேன்" என்றார். பிள்ளை உட்கார்ந்தாள். தேர்வுக்கு வாசித்த முதல் பாட்டை எடுத்தாள், எட்டு பார் போனதும் கை நின்றுவிட்டது. இரண்டாவதை எடுத்தாள், இடது கைக்கு ஞாபகம் இல்லை. "புஸ்தகம் இல்லாம வராது அப்பாயி." சரி, அது வேண்டாம், உனக்குப் பிடிச்சது ஏதாவது வாசி என்றார் அப்பாயி. பிள்ளை திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. ஆறு வருடம் என்னிடம் படித்தவள், பியானோவில் அவளுக்குப் பிடித்தது என்று ஒன்றுகூட இல்லை. பொங்கலுக்குப் போனபோது கீபோர்டைப் போர்வையில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருந்தார்கள். அவள் அப்புறம் வரவே இல்லை. அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை, என்னைத்தான் சொல்ல வேண்டும்.

இதில் எனக்குப் பெரிய வேதனை என்னவென்றால், அதே வழியில் நானும் ஒரு காலத்தில் பியானோவை விட்டு ஓடியவள். எனக்குச் சின்ன வயதில் கற்றுக்கொடுத்தவர் புறங்கையில் ஒரு காசை வைப்பார். காசு விழாமல் ஸ்கேல் வாசிக்க வேண்டும், விழுந்தால் பென்சிலால் விரல் முட்டியில் ஒரு தட்டு, மறுபடி முதலிலிருந்து. கை ஆடக்கூடாதாம். மணிக்கட்டு இளகி இருந்தால்தான் விரல் ஓடும் என்று பின்னால் தெரிந்துகொண்டேன், ஆனால் அந்தக் காசுக்குப் பயந்து இறுகிப்போன மணிக்கட்டை இளக்க எனக்குப் பல வருடம் பிடித்தது. 12 வயதில் விட்டேன். அடுத்த 11 வருடம் பியானோ இருக்கிற அறைக்குள் போனால்கூட மூடியைத் திறக்க மாட்டேன்.

என்னைத் திரும்பக் கூட்டி வந்தது ஒரு பர்மியப் பெரியவர். எங்களுக்கு அடுத்த தெருவில் இருந்தார். ஒரு மழை நாள் சாயங்காலம், வீட்டில் சுட்ட அதிரசத்தை ஒரு தட்டில் வைத்து அம்மா கொடுத்தனுப்பினார், வாசலில் நிற்கும்போது உள்ளே பியானோ கேட்டது. ஆனால் நான் அதுவரை கேட்ட பியானோ மாதிரியே இல்லை. பர்மாவில் பிறந்து வளர்ந்த நம் ஆட்களிலேயே பல பேருக்கு இது தெரியாது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இந்த நாட்டில் பியானோவுக்குச் சந்தயா என்று பேர். மின்டோன் மன்னர் காலத்தில், அதாவது 1853-க்கும் 1878-க்கும் நடுவில், இத்தாலித் தூதர் ஒருவர் மாண்டலே அரண்மனைக்குக் கொண்டுவந்து கொடுத்தார் என்று சொல்வார்கள். அரண்மனை வித்வான்களுக்கு வெள்ளைக்காரர்கள் வாசிக்கும் முறையைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை, அவர்களும் அதற்காகக் காத்திருக்கவில்லை. அவர்களிடம் ஏற்கெனவே பத்தலா இருந்தது, ஓடம் மாதிரி ஒரு பெட்டிக்கு மேலே 24 மூங்கில் பட்டைகள் தொங்கும், இரண்டு கோலால் தட்டி வாசிப்பார்கள். அந்த இரண்டு கோலின் ஓட்டத்தை அப்படியே இரண்டு கைக்கு மாற்றிவிட்டார்கள். அதனால்தான் சந்தயாவில் வலது கை பாட, இடது கை கீழே இருந்து தாங்குகிற வேலை அதிகம் கிடையாது. இரண்டு கையும் ஒரே பாட்டைப் பங்கு போட்டுக்கொண்டு, ஒன்று விட்ட இடத்தை இன்னொன்று பிடித்து, சில நேரம் இரண்டு பேர் முண்டியடித்துக்கொண்டு பேசுவது மாதிரி ஓடும். முன்பின் தெரியாத ஒரு வாத்தியத்தை, தங்களுக்குப் பிடித்த பாட்டை வாசிக்கிற ஆசையிலேயே ஒரு ஊர் தனக்குச் சொந்தமாக்கிக்கொண்டது. எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் உடம்பு சிலிர்க்கும்.

அந்தப் பெரியவரிடம் நான் நான்கு வருடம் படித்தேன், பர்மிய மொழியில் ஆசிரியரைச் சயா என்றும் ஆசிரியையைச் சயாமா என்றும் கூப்பிடுவோம். முதல் மூன்று வாரம் என்னைப் பியானோக் கட்டையில் கை வைக்கவே விடவில்லை. ஒரு கையில் சின்னக் கைத்தாளம், அதற்குச் சீ என்று பேர், இன்னொரு கையில் வா என்கிற கட்டைத் தாளம், நம் ஜால்ராவும் சிப்ளாக்கட்டையும் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் பாடிக்கொண்டே வாசிப்பார், நான் தாளம் போட வேண்டும். பர்மிய இசை படிக்கிறவர்கள் கியோ என்னும் 13 பாட்டில்தான் ஆரம்பிப்பார்கள், நமக்குச் சரளி வரிசை எப்படியோ அப்படி, ஆனால் இங்கே முதல் நாளே பாட்டு. மூன்று வாரம் தாளம் போட்டதில் முதல் கியோ எனக்குள் இறங்கிவிட்டது, கட்டையில் கை வைத்தபோது விரலுக்குத்தான் வழி தெரியவில்லை, பாட்டு தெரியும்.

முதல் நாள் ஒரு இடத்தில் தப்பான கட்டையில் விரல் விழுந்தது. பென்சில் தட்டு வரும் என்று என் கை தானாகப் பின்னால் இழுத்துக்கொண்டது, அத்தனை வருடம் கழித்தும். அவர் தட்டவில்லை. தன் கையை என் கைக்கு மேலே நீட்டி, நான் தப்பாகத் தொட்ட அதே சுரத்தைத் தொட்டு, அதிலிருந்து ஒரு வளைவு வளைத்துப் பாட்டின் உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இத்தனையும் தெரிந்தவள் பின்னால் ஆசிரியை ஆனபோது மதிப்பெண் கணக்குப் போட்டாளே என்று நீங்கள் கேட்கலாம். பெற்றோர் கேட்டார்கள், நான் கொடுத்தேன். அவ்வளவுதான் காரணம். அந்தத் தீபாவளிக்குப் பிறகு மாற்றிக்கொண்டேன், என்ன மாற்றினேன் என்று சொல்கிறேன், யாருக்காவது உதவட்டும்.

என்னிடம் வரும் பிள்ளைக்கு முதல் நாள் புத்தகம் கிடையாது. பியானோவில் 88 கட்டை, அதில் 36 கருப்பு. கருப்பில் மட்டும் விளையாடு என்று சொல்லிவிடுவேன். மூன்று மூன்றாகச் சேர்ந்திருக்கும் கருப்பில் முதல் கட்டை, நம் கணக்கில் நாலரைக் கட்டை, அதை 'ஸ' என்று வைத்தால் வரிசையாக ஐந்து கருப்பும் ஸ ரி க ப த, அப்படியே மோகன ராகம். இந்த ஐந்தில் எதை எப்படித் தொட்டாலும் காதைக் குத்தாது. நான் கீழே இடது பக்கம் உட்கார்ந்து ஸ, ப இரண்டையும் சுருதிப்பெட்டி மாதிரி மெதுவாகப் போட்டுக்கொண்டே இருப்பேன், பிள்ளை மேலே தன் இஷ்டத்துக்குத் தட்டும். ஐந்து நிமிடம் போகும், பிள்ளை சட்டென்று நிறுத்திவிட்டுத் தன் கையையே பார்க்கும், இது நானா வாசிச்சேன் என்கிற மாதிரி. ஆறு வயதுப் பிள்ளையும் பார்க்கும், போன வருடம் வந்து சேர்ந்த 61 வயது அக்காவும் அப்படித்தான் பார்த்தார். இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் நான் சொல்லிக்கொடுக்கிறேன் என்று சொன்னால் மிகையில்லை.

இப்போது என்னிடம் 8 வயதுப் பையன் ஒருவன் படிக்கிறான். மார்ச் மாதம் ஒரு நாள் காலை வகுப்பு, வெளியே அவித்த பட்டாணி விற்கிற அம்மா தலையில் தட்டோடு வந்தார். ரங்கூனில் இருந்தவர்களுக்குத் தெரியும் அந்தக் குரல், "பே பியோ...", முதல் சுரம் சட்டென்று, அடுத்தது நீண்டு, கீழே இறங்கி. பையன் வாசித்துக்கொண்டிருந்த பயிற்சியை விட்டுவிட்டான். தலையைச் சாய்த்துக் கேட்டான், அப்புறம் ஒவ்வொரு கட்டையாகத் தொட்டுத் தேடினான். இது இல்லை. இதுவும் இல்லை. நான் வாயைத் திறக்கவில்லை, திறக்காமல் இருப்பதுதான் கஷ்டம். நாலாவது தடவை 'ப' கிடைத்துவிட்டது, அதிலிருந்து 'க'-வுக்கு இறங்கினான், இறங்கி நீட்டிப் பிடித்தான். "சயாமா, இதுதான், இதுதான்!" என்று குதித்தான். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு இன்னொரு தடவை வாசித்தான், தெருவில் அந்த அம்மா நின்று நிமிர்ந்து பார்த்தார், பார்த்துவிட்டு அதே சுரத்தில் திருப்பிக் கூவினார். அன்றைக்கு ஒரு மணி நேரம் அதை வைத்தே போயிற்று. கீழே இருந்து ஆரம்பித்துப் பார்த்தான், வேகமாகப் பார்த்தான், மழையில் கூவினால் எப்படி இருக்கும் என்று பெடலை மிதித்துப் பார்த்தான்.

அடுத்த வாரம் அவனே கேட்டான், மேலே ஏறி வரும்போது விரல் தீர்ந்துபோகிறது, என்ன பண்ண? பாருங்கள், ஸ்கேல் பயிற்சியின் உயிரே இந்தக் கேள்விதான். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், அதற்கப்புறம் கட்டைவிரலை உள்ளங்கைக்கு அடியில் நுழைத்து அடுத்த கட்டையில் வை, இன்னும் ஐந்து விரல் கிடைக்கும் என்று காட்டினேன். இதைத்தான் அந்தக் காலத்தில் எனக்குக் காசு வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அவனுக்கு அது வேண்டியிருந்தது, அதனால் வீட்டுக்குப் போய் நூறு தடவை நுழைத்துப் பார்த்திருக்கிறான், அவன் அம்மா சாட்சி.

ஆக, பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சுகம் முதலில், உழைப்பு பின்னாலேயே ஓடி வரும், இதை நான் கண்ணால் பார்த்துவிட்டேன். நாம் வரிசையை மாற்றி, முதலில் நாலைந்து வருடம் கஷ்டப்படு, சந்தோஷம் அப்புறம் தானாக வரும் என்று பிள்ளையிடம் சொல்கிறோம். நாலைந்து வருடம் என்பது எட்டு வயதுப் பிள்ளைக்கு அதன் ஆயுளில் பாதி.

2019-ல் சென்னைப் பையன் லிடியன் நாதஸ்வரம் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் ஜெயித்துப் பத்து லட்சம் டாலர் வாங்கினானே, அந்த வீடியோ இங்கே எல்லா வீட்டு வைபரிலும் சுற்றியது. நிமிடத்துக்கு 325 தட்டு வேகத்தில் வாசித்தான், நானும் வாயடைத்துப் போனேன். அந்த மாதம் மட்டும் ஏழு பெற்றோர் என்னிடம் வந்தார்கள், எத்தனை மாதத்தில் அந்த வேகம் வரும் என்று கேட்டுக்கொண்டு. நான் அவர்களிடம் வீடியோவை மறுபடி போடச் சொன்னேன், சத்தத்தை அணைத்துவிட்டு. விரலைப் பார்க்காதீங்க, முகத்தைப் பாருங்க. இசை வீட்டில் பிறந்து, தவழுகிற வயதிலிருந்து வாத்தியங்களோடு விளையாடி வளர்ந்த பிள்ளை அது, வேகம் அந்த விளையாட்டிலிருந்து வந்தது. ஏழு பேரில் இரண்டு பேருக்கு நான் சொன்னது புரிந்தது. மற்றவர்கள் வேறு இடம் தேடிப் போய்விட்டார்கள், அந்தப் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு இப்போதும் கவலைதான்.

ஜெர்மனியில் ஷூமான் என்று ஒரு இசைமேதை இருந்தார். வலது கை விரல் கெட்டுப்போய், பெரிய பியானோ கலைஞர் ஆகும் கனவு சின்ன வயதிலேயே முடிந்துபோனது. அவர் 1848-ல் தன் மூத்த மகள் மேரியின் ஏழாவது பிறந்தநாளுக்குக் குட்டிக் குட்டிப் பாட்டுகளாக எழுதிக் கொடுத்தார், அதில் தொடங்கியது பிள்ளைகளுக்கென்றே ஒரு பெரிய தொகுப்பாக வளர்ந்தது. அவற்றை நான் சொல்லிக்கொடுக்கும்போதெல்லாம் இதைப் பிள்ளைகளிடம் சொல்வேன்: ஒரு அப்பா தன் மகளுக்குக் கொடுத்த பிறந்தநாள் பரிசு இது, நீ யாருக்குக் கொடுக்கப் போகிறாய்? ஒரு பிள்ளை தாத்தாவுக்கு என்று சொல்லும், ஒன்று தன் நாய்க்கு என்று சொல்லும். யாருக்கென்று முடிவு பண்ணிவிட்டால் அந்தப் பாட்டு புத்தகம் இல்லாமலேயே கையில் தங்கிவிடுகிறது. என்னிடம் படிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இப்போது வீட்டில் யாராவது ஒருவருக்கென்று எப்போதும் தயாராக ஒரு பாட்டு இருக்கும், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை புதுசாக மாற்றிக்கொள்ளலாம். அந்த அப்பாயி இப்போது இல்லை. அவர் கேட்டதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இது.

தேர்வு எழுதுகிற பிள்ளைகளும் என்னிடம் உண்டு. எழுதட்டும், 2020-லிருந்து வீடியோ எடுத்து அனுப்பியே எழுதலாம் என்றாகிவிட்டது, எங்கள் மாதிரி ஊருக்கு அது பெரிய வசதி. ஒரே நிபந்தனை, தேர்வுப் பாட்டு படிக்கும் வருடத்தில் தேர்வில் இல்லாத பாட்டு குறைந்தது பத்து படிக்க வேண்டும், அதில் பாதியைப் பிள்ளையே தேர்ந்தெடுக்க வேண்டும். சினிமாப் பாட்டோ, கோயிலில் கேட்ட திருப்புகழோ, பர்மியப் பாட்டோ, எதுவானாலும் சரி.

பெற்றோருக்கும் ஒன்று. சமையலறையிலிருந்து "தப்பு, தப்பு" என்று குரல் கொடுக்காதீர்கள். பிள்ளைக்கே தெரியும், அதன் காதில்தான் முதலில் விழுகிறது. மணியைப் பார்த்து ஒரு மணி நேரம் உட்கார வைக்க வேண்டாம், பத்து நிமிடம் தானாக உட்கார்ந்தால் போதும். முடிந்தால் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்காருங்கள், "அந்த நடுவுல வந்துச்சே, அதை இன்னொரு வாட்டி வாசி, எனக்குக் கேக்கணும்" என்று கேளுங்கள். பட்டாணிப் பையனின் அம்மா இப்படித்தான் ஆரம்பித்தார், இப்போது அவரே கருப்புக் கட்டையில் மோகனம் தட்டுகிறார்.

இங்கே கரண்டு முறை வைத்துத்தான் வருகிறது. பிள்ளைகள் வீட்டில் இருப்பதெல்லாம் 61 கட்டை கீபோர்டு, கரண்டு போனால் ஊமை. என்னிடம் இருப்பது பழைய மரப் பியானோ, அதற்குக் கரண்டு வேண்டாம், ஆனால் மே மாதம் மழை பிடித்தால் அக்டோபர் வரை ஈரத்தில் மரம் ஊதி, கட்டைகள் ஒட்டிக்கொண்டு எழும்பாது. உள்ளே ஒரு பல்பைத் தொங்கவிட்டுச் சூடு காட்டுவேன், கரண்டு போனால் பல்பும் போய்விடும். நடுவில் ஒரு கட்டை மூன்று மாதமாகப் பேசவே இல்லை. அந்தச் சுரம் வரும் இடத்தில் பிள்ளைகள் வாயால் பாடிவிடுகிறார்கள். இருட்டில் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்து, நான்கு பிள்ளைகள் ஒரே பெஞ்சில் நெருக்கியடித்து, ஒவ்வொருவரும் ஒரு வரி வாசித்து, ஊமைக் கட்டை வரும்போது எல்லாரும் சேர்ந்து பாடுகிறார்கள். போன வாரம் கரண்டு வந்து விளக்கு எரிந்தது, ஒரு பிள்ளை எழுந்துபோய் விளக்கை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். சான்றிதழோடு பிள்ளைகள் நிற்கும் படங்களைத் தாராளமாகப் போடுங்கள், அவர்கள் உழைத்து வாங்கியது. ஆனால் போடும் முன் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேளுங்கள், வீட்டில் யாரும் சொல்லாமல் நீயாக உட்கார்ந்து வாசிப்பது எந்தப் பாட்டு என்று. பதிலைப் படத்துக்குக் கீழே ஒரு வரியாகப் போடுங்கள். கிரேடும் மதிப்பெண்ணும் அதற்குக் கீழே வரட்டும்.

இப்படிக்கு,
பியானோ ஆசிரியை ஒருவர்,
தாம்வே, ரங்கூன்.